முன்னூற்று ஆறு

வியாழக்கிழமை பிற்பகல்களில்
என் நாக்கை வாடகைக்கு விடுகிறேன்.
மணிக்கு இருபத்தெட்டு ஃப்ராங்க்,
பஸ் செலவு தனி.

மற்ற நாட்களில் ஃப்ரிபூர் நகரத்துக் கயிற்று ரயில்.
மேல்நகரின் கழிவுநீரைத் தொட்டியில் நிரப்பிக்கொண்டு
ஒரு பெட்டி இறங்கும்.
அந்தக் கனத்தில் மற்றொன்று ஏறும்.
மின்சாரம் கிடையாது, நாற்றம் உண்டு.
இருபது வருடம் அதில் நின்றவனுக்கு
மூக்கு மரத்துப்போயிருக்க வேண்டும்.
தேர்வில் நான்தான் முதலில் வந்தேன்.
கொரின் நம்பாமல்
இன்னொரு முறை முகரச் சொன்னாள்.

ஆய்வுக்கூடத்தில் எட்டுத் தடுப்புகள்.
எட்டிலும் சிவப்பு விளக்கு:
நாக்குக்காகக் கண் சாட்சி சொல்லிவிடக் கூடாதாம்.
வெதுவெதுப்பான தண்ணீர். உப்பில்லாத பிஸ்கட்.
சுவரில் ஒரு குட்டிக் கதவு.
அது திறந்தால் தட்டு வரும், எண் வரும்,
முகம் வராது.

கடிக்காதீர்கள், என்கிறது தாள்.
கரைய விடுங்கள்.
மூக்கு வழியே மூச்சை விடுங்கள்.

482.
மணி அடிக்கும் முன்பே
உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது ஆரஞ்சு.
சாக்லேட் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.
எனக்கு இந்த ஆரஞ்சைத் தெரியும்.
காலை ஐந்தரைக்கு இதை வாளியில் ஊற்றிப்
பெட்டியின் தரையைத் துடைப்பவன் நான்தானே.
ஐந்து லிட்டர் கேன்,
மேலே சிரிக்கும் ஒரு பழம்.
ஆரஞ்சு: ஒன்பது, என்று எழுதினேன்.
பொய்யில்லை.

917இல் சொல்ல ஒன்றுமில்லை.
ஈர அட்டைப்பெட்டி.

306.
கசப்பு.
அணைந்த அடுப்பைப் போல
நாக்கின் அடியில் போய்ப் படுத்துக்கொண்ட கசப்பு.
பத்தாவது வினாடி. ஆரஞ்சு எங்கே?
பூஜ்யம் போட்டேன்.
இருபது. முப்பது.
அண்ணத்தில் மெழுகாய் ஒட்டி, இளகி,
விழுங்கப்போகும் நேரத்தில்
உள்ளே எங்கோ, பக்கத்து அறையில் போல,
யாரோ நகத்தால் தோலைக் கீறினார்கள்.

சாறில்லை. இனிப்பில்லை.
உரிக்கும்போது கண்ணில் தெறிக்குமே, அது.
அதன் பின்னாலேயே
தோலின் உள்வெள்ளை,
நாம் பிய்த்து எறிகிற அந்தக் கசப்பு,
வந்து பழைய கசப்பைத் தொட்டது.
எது கொக்கோ, எது பழம் என்று
மணிக்கு இருபத்தெட்டு ஃப்ராங்க் நாக்குக்கும்
பிரிக்கத் தெரியவில்லை.

அதுவரை பலகைக்கு அப்பால்
ஒரு மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.
நின்றது.
நானும் நிறுத்தியிருக்கிறேன் என்பது
அப்போதுதான் தெரிந்தது.
பிறகு இரண்டு மூக்குகளும் ஒன்றாக விட்டன.

அது திருமதி க்ளேர்.
தினமும் ஏழு நாற்பதுக்கு என் பெட்டியில் ஏறுபவர்.
பதினோரு வருடத்தில் எங்களுக்குள் பேச்சு
காலை வணக்கம், அவ்வளவுதான்.

குறிப்பு என்ற கட்டத்தில்
தாமதம் என்று எழுதினேன்.
கொரின் வந்து குனிந்து பார்த்தாள்.
தாமதம் ஒரு சுவை இல்லையே, திரு. ப்ரோதார்,
பட்டியலில் இருப்பதைப் போடுங்கள்.
பட்டியலில் நாற்பத்திரண்டு சொற்கள்,
புகை, ஈர மரம், குதிரைச் சேணம்கூட இருந்தது.
மண் என்று போட்டுவிட்டு
கோட்டை மாட்டிக்கொண்டேன்.

பத்து வினாடி வரைதான் தாளில் கட்டம்.
அதற்குப் பிறகு வருவதற்கு வரிசை இல்லை.
வசந்தத்தில் 482 கடைகளுக்கு வந்தது,
உறையில் அதே மாதிரி சிரிக்கும் ஒரு பழத்தோடு.

நேற்று திருமதி க்ளேர் ஏறினார்.
வேறு யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன்.
மேல்பெட்டியில் தொட்டி நிரம்புவதாக மணி அடித்தது.

'முன்னூற்று ஆறுக்கு எவ்வளவு போட்டீர்கள்?'

வெளியே பேசுவதில்லை என்று
இருவருமே கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

'பூஜ்யம்.'

'நானும்தான்' என்றார்,
திருடியதை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

பெட்டி ஒருமுறை குலுங்கிக் கிளம்பியது.
உச்சிக்கு இரண்டு நிமிடம்.
கைப்பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்தார்.
உரிக்கவில்லை.
கட்டைவிரல் நகத்தால் ஒரே ஒரு கீறல்,
பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டார்.

துடைத்த தரை, சாக்கடை, துருவேறிய கம்பி.
எதிர்ப்பெட்டி எங்களைக் கடந்து இறங்கும்வரை
அது வந்து சேரவில்லை.

பிறகு வந்தது.